கெட்டிலிடம் சொன்னது

போதகர் தெர்கெலின் தரிகானுக்கு ஒரே கட்டடத்தில் இரண்டு அறைகள். முன்பக்கம் சபை அலுவலகம். அங்கே வெள்ளைக் காலர் வைத்த சட்டையோடு உட்கார்ந்து ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பார், கல்யாணம் பேச வரும் ஜோடிகளைக் கொஞ்சம் மிரட்டுவார். பின்பக்கம் ஆலோசனை அறை. அங்கே நுழையும்முன் அந்தக் காலரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். மேடான் நகரத்துக்குப் போய் மனநல ஆலோசனை படித்து, முறையாகச் சான்றிதழ் வாங்கி வந்தவர் அவர். முன்னறையில் அவர் பேசுவார், வந்தவர்கள் கேட்பார்கள். பின்னறையில் வந்தவர்கள் பேசுவார்கள், அவர் கேட்பார். லாவ் கெர்சிக் ஊர்க்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது.

“ஐயா, இப்ப நீங்க யாரு? காலர் போட்ட ஆளா, போடாத ஆளா?” என்று காபிக்கடையில் கேட்பார்கள். “ஒரு பாவம் கையில இருக்கு. எந்த ரூம்ல சொன்னா திட்டு கம்மி?”

“இப்ப நான் காபி குடிக்க வந்த ஆளு. பாவத்தை நாளைக்குக் கொண்டாங்க,” என்பார் தெர்கெலின்.

கேலி செய்தாலும் பின்னறைக்கு ஆள் வராமல் இல்லை. எரிமலைக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள் இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை என்று வந்தார்கள். தோட்டத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு சங்கடம்தான். உறவுக்காரருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்று அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. அந்த விதியை எழுதினவர் கரோ மலைப்பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார். இங்கே முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால், குலப்பெயரைக் கேட்டு, தாயின் குலத்தைக் கேட்டு, காபி ஆறுவதற்குள் மாமனும் மருமகனும் ஆகிவிடுவார்கள். தெர்கெலினின் வேலையை மேற்பார்வை பார்த்தவர் வஹ்யுனி மேடம், மேடானில் குடியிருக்கும் ஜாவாக்காரர். அவர் யோசித்துவிட்டு, “தூரத்து உறவுன்னா நீங்களே பாருங்க. கிட்டத்து உறவுன்னா என்கிட்ட அனுப்பிடுங்க,” என்று ஒரு வழி சொல்லியிருந்தார்.

ஜெந்தா செம்பிரிங் வந்து உட்காரும்வரை தெர்கெலின் அந்த வழியில்தான் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார்.

ஜெந்தா ஆரஞ்சுத் தோட்டக்காரர், போதகரின் மனைவி ரெஹுலினாவுக்கு அண்ணன். பெண் கொடுத்த வீட்டுக்காரர் ஆயிற்றே, முன்னறைக் கதவையும் தட்டவில்லை, பின்னறைக் கதவையும் தட்டவில்லை. நேராகச் சமையலறை வழியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கரோ மலையில் பெண் கொடுத்த வீட்டாரின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஆலயத்தில் தெர்கெலின் எழுந்திரு என்றால் ஜெந்தா எழுந்து நிற்பார். வீட்டில் ஜெந்தா உட்கார் என்றால் தெர்கெலின் உட்கார வேண்டும்.

“உக்காரு மச்சான்,” என்றார் ஜெந்தா. “அரிஹ்தாவுக்குச் சரியில்ல.”

அரிஹ்தா அவருடைய மனைவி.

“உடம்புக்கா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி தூங்க மாட்டேங்கறா. தட்டுல சோத்தைப் போட்டு வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. திடீர்னு அழறா.”

“என்ன காரணம்?”

“காரணம் இருந்தா நான் எதுக்கு உன்கிட்ட வர்றேன்? நானே சரி பண்ணியிருக்க மாட்டேனா?”

மேடானில் வஹ்யுனி மேடத்திடம் கூட்டிப்போகலாம் என்று தெர்கெலின் மெதுவாகச் சொன்னார். ஜெந்தாவுக்கு முகம் சிவந்தது.

“மேடானுக்கா? நம்ம ஊர் முட்டைக்கோஸ் லாரி போகாத தெரு மேடான்ல இருக்கா? மனநல டாக்டர் வாசல்ல என் பொண்டாட்டி நிக்கறதை ஒரு டிரைவர் பாத்தா போதும். அவன் மலை ஏறி வர்றதுக்குள்ள அரிஹ்தாவுக்குப் பைத்தியம்னு ஊரே பேசி முடிச்சிருக்கும். நீ ரெண்டும் படிச்சவன். ஒரு கையால ஜெபம் பண்ணு, இன்னொரு கையால ஆலோசனை குடு. வீட்டு விஷயம் வீட்டோட போகட்டும்.”

“மச்சான், அவங்க எனக்குத் துராங்கு.”

துராங்கு என்றால் மனைவியுடைய சகோதரனின் மனைவி. அவளுக்கும் இவர் துராங்குதான். இந்த உறவில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசக் கூடாது, ஓர் அறையில் தனியாக இருக்கக் கூடாது, ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் கைக்குக் கை மாற்றக் கூடாது. பகை ஒன்றும் இல்லை, மரியாதைதான். பேசியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒருவரை வைத்துக்கொண்டு பேசலாம். ஆள் கிடைக்காவிட்டால் சுவரையோ தூணையோ கூப்பிட்டு அதனிடம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். கரோக்காரர்களுக்கு வராது.

இத்தனை வருடத்தில் தெர்கெலின் அரிஹ்தாவிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. அதற்காக அவளுடைய வாய்க்குப் பயப்படாமல் இருந்ததும் இல்லை. விருந்துகளில் அவர் பந்தியில் உட்கார்ந்தால், “போதகர் தட்டுல இன்னொரு துண்டு கறி வை. இன்னைக்குப் பிரசங்கத்துல ரொம்ப தூரம் நடந்துட்டாரு, களைச்சிருப்பாரு,” என்று உள்ளேயிருந்து குரல் வரும். பந்தியே சிரிக்கும். அந்த வாய் அழுகிறது என்றால் அவருக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது.

“அங்கி போட்டா நீ போதகர். போதகருக்கு ஏது துராங்கு?” என்றார் ஜெந்தா. “சனிக்கிழமை காலைல அனுப்பறேன். சபை ஆபீஸ்லயே பேசு.” எழுந்து போய்விட்டார்.

ஜெந்தாமேல் மட்டும் பழி போட முடியாது. தெர்கெலினுக்கும் அது சரியென்றே பட்டது. சுவரோடு பேசுவதெல்லாம் பழங்காலத்து ஆட்கள் விஷயம் என்று அவர் மனதுக்குள் எப்போதோ தீர்த்திருந்தார். கடவுள் முன்னால் உறவுமுறை கிடையாது என்றது போதகப் படிப்பு. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசு, அவரை நேராக ‘நீங்க’ என்று கூப்பிடு என்றது ஆலோசனைப் படிப்பு. இரண்டு படிப்பும் ஒத்துப்போன அபூர்வமான சந்தர்ப்பம் அது. இரண்டும் சேர்ந்தே அவரைக் கவிழ்த்தன.

சனிக்கிழமை அரிஹ்தா வந்தாள். கதவு திறந்திருந்தது, வெளியே ரெஹுலினா பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கறுப்பு அங்கியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தெர்கெலின், அரிஹ்தாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“சொல்லுங்க. நீங்க எப்படி இருக்கீங்க?”

அவள் தோளில் கிடந்த துணியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அவர் விடவில்லை, “பயப்படாதீங்க, நீங்க என்ன சொன்னாலும் நான் கேப்பேன்,” என்று இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அவள் எழுந்து வெளியே போய், “அடுப்புல சோறு இருக்கு, நான் வர்றேன்,” என்று ரெஹுலினாவிடம் சொல்லிவிட்டு, சபை மைதானத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

ரெஹுலினா தண்ணீர் வாளியோடு உள்ளே வந்தாள்.

“அண்ணிய நேருக்கு நேர் பாத்தா பேசினீங்க?”

“அங்கி போட்டிருந்தேன். அங்கிக்குத் துராங்கு கிடையாது.”

“அங்கிக்கு இல்லங்க. அவங்களுக்கு இருக்காரே.” வாளியை நங்கென்று கீழே வைத்தாள். “ரெண்டு படிப்பு படிச்சு என்ன? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அரிஹ்தா ஆலயத்துக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பெண்கள் பக்கம் அவளுடைய இடம் காலியாகவே கிடந்தது, தெர்கெலினின் கண் பிரசங்கம் முழுக்க அங்கேயே போய் நின்றது. அவள் படுத்த படுக்கையாக இருக்கிறாள், பிள்ளைகளோடுகூடப் பேசுவதில்லை என்று ஜெந்தா சொல்லியனுப்பினார். தெர்கெலின் மேடானுக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அனுப்புங்கன்னுதானே சொன்னேன்?” என்றார் வஹ்யுனி மேடம்.

“வர மாட்டேங்கறாங்க மேடம்.”

“சரி, திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன். இனிமே நீங்க அவங்களுக்கு ஆலோசகர் இல்ல. ஆனா அவங்களை ஒரு டாக்டர்கிட்ட சேக்கற வரைக்கும் உங்க பொறுப்பு இருக்கு. சாகற எண்ணம் இருக்கான்னு கேட்டீங்களா?”

“இல்ல.”

“இன்னைக்கே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, அப்படியெல்லாம் வராது. சுத்தி வளைக்காம நேரா கேளுங்க.”

நேராகக் கேட்டுத்தான் இந்த லட்சணம் என்று வாய்வரை வந்தது. தெர்கெலின் ரெஹுலினாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஜெந்தா வாசலில் பிக்கப் வண்டியில் ஆரஞ்சுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே சமையலறையில், சுவரோடு சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள் அரிஹ்தா. தலை வாரி எத்தனை நாள் ஆயிற்றோ. பக்கத்தில் தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. தெர்கெலின் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து, அடுப்பில் சூடேறிக்கொண்டிருந்த தண்ணீர்க் கெட்டிலைப் பார்த்துக்கொண்டார். ரெஹுலினா நடுவில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாரு.”

“நல்லா இருக்கேன்னு சொல்லு.”

“சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு.”

“சாப்பிட்டேன்னு சொல்லு.”

காய்ந்த சோற்றை ரெஹுலினாவும் பார்த்தாள். எழுந்தாள், மூலையில் மண்ணோடு இருந்த கேரட் கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

“நான் இருந்தா இவங்க வாய் திறக்க மாட்டாங்க. நான் இவங்க புருஷனோட கூடப் பொறந்தவ,” என்று கணவரிடம் சொன்னாள். “கதவு திறந்தே இருக்கட்டும். நான் குழாயடியில இருக்கேன். அங்கேர்ந்து ரெண்டு பேரும் என் கண்ணுக்குத் தெரிவீங்க, பேசறது கேக்காது. முறையோட பேசுங்க.”

அவள் போய்விட்டாள். தெர்கெலினுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த தொடக்க வாக்கியங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒன்றும் இங்கே உதவாது.

“கெட்டிலே,” என்றார். “துராங்குகிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஆபீஸ்ல நான் அப்படிப் பேசினது தப்புன்னு சொல்லு.”

வெளியே குழாய்த் தண்ணீர் கூடையில் விழும் சத்தம் கேட்டது. அரிஹ்தாவும் கெட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கெட்டிலே, பரவாயில்லன்னு சொல்லு,” என்றாள் கடைசியில். “உரிச்ச கோழியாட்டம் உக்காந்திருந்தேன்னும் சொல்லு.”

தெர்கெலின் முக்காலியில் சற்றுத் தளர்ந்து உட்கார்ந்தார்.

“ராத்திரி தூக்கம் வருதான்னு கேளு கெட்டிலே.”

“வருது. வந்து வாசப்படியிலேயே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுது.”

“அப்ப துராங்கு என்ன பண்ணுவாங்கன்னு கேளு.”

“முழிச்சுக்கிட்டே காரணம் தேடுவா.” அவளுடைய குரல் சீராக வர ஆரம்பித்தது. “எல்லாரும் என்ன குறை, என்ன குறைன்னு கேக்கறாங்க கெட்டிலே. நானும் தேடிப் பாக்கறேன், கிடைக்க மாட்டேங்குது. புருஷன் குடிக்கிறதில்ல, கை ஓங்கினதில்ல. பசங்க நல்லா படிக்கிறாங்க. ஆரஞ்சு கிளை முறியற மாதிரி காய்ச்சிருக்கு. ஒரு காரணம் இருந்தா அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாவது அழலாம். ஒண்ணுமே இல்லாம அழறவளை யார்கிட்ட போய் நிறுத்தறது?”

பின்னறையில் மாதக்கணக்கில் போராடியும் சிலரிடம் வராத பேச்சு, இரண்டு பேரும் ஒரு கெட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் தானாக வந்துகொண்டிருந்தது. முகத்தை யாரும் பார்க்கவில்லை என்பதால் அவள் முகத்துக்குக் காவல் போட வேண்டியிருக்கவில்லை.

“அறுப்புத் திருநாள் அன்னைக்குப் போதகர் ஒரு பிரசங்கம் பண்ணாரு,” என்றாள். “நன்றி மறந்த மனசுலதான் காரணமில்லாத துக்கம் வந்து குடியிருக்கும்னாரு. சபையே தலையாட்டிச்சு. நானும் ஆட்டினேன். அதுவரைக்கும் என்னமோ சரியில்லன்னு மட்டும்தான் நினைச்சிருந்தேன். அன்னைக்கு நான் யாருன்னு தெரிஞ்சு போச்சு.”

தெர்கெலினுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த வாக்கியம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எழுதும்போதே பிடித்துப்போய், இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த வாக்கியம். காலர் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதியது. பத்தடி தள்ளிப் பின்னறையில் காலர் இல்லாமல் உட்காரும் தன்னிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அது தவறு என்று பதில் வந்திருக்கும். கேட்கவில்லை. இப்போது விளக்கம் சொல்ல வேண்டும், காலில் விழ வேண்டும், அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று சாதிக்க வேண்டும் என்றெல்லாம் நாக்குத் துடித்தது. அதெல்லாம் தன் நிம்மதிக்காக என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டார். கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

“கெட்டிலே, துராங்குவுக்குச் செத்துப்போயிடலாம்னு தோணுதான்னு கேளு.”

குழாய் நின்றது. ரெஹுலினா கூடையைக் குலுக்கிவிட்டு மறுபடி திறந்தாள்.

“மனுஷங்க கேட்டிருந்தா இல்லேன்னு சொல்லியிருப்பேன்,” என்றாள் அரிஹ்தா. “கெட்டில்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது. ஆமான்னு சொல்லு.”

“அதுக்குன்னு ஏதாவது எடுத்து வச்சிருக்காங்களா?”

“களைக்கொல்லி. அரிசி டிரம்முக்குப் பின்னால.”

தெர்கெலினுக்குப் பயமாக இருந்தது. போதகராகவும் பயமாக இருந்தது, ஆலோசகராகவும் பயமாக இருந்தது, மச்சானாகவும் பயமாக இருந்தது. மூன்றும் ஒரே பயம்தான்.

“அதைத் துராங்கு கையாலேயே எடுத்துட்டு வந்து இங்க வச்சுடச் சொல்லு கெட்டிலே. அது இந்த வீட்டுல இருக்க வேண்டாம்.”

அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு டிரம்முக்குப் பின்னால் குனிந்தாள். பாட்டிலோடு வந்தாள். கையில் கொடுக்க முடியாது, முறை இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். வைத்தாளே தவிர, மூடிமேல் இருந்த கையை எடுக்கவில்லை.

ஒரு எட்டில் பிடுங்கிவிடலாம். அவர் பெரிய உருவம், அவள் சாப்பிடாமல் கிடந்தவள். மூடி ஒரு சுற்றுச் சுற்றினால் பாய்ந்து பிடுங்குவது என்று முடிவு செய்துகொண்டார். முறையும் மரியாதையும் அதற்கு மேல் கிடையாது. ஆனால் அவள் சுற்றவில்லை. சும்மா பிடித்திருந்தாள். பிடுங்கினால் பாட்டில் கிடைக்கும், இன்னொரு பாட்டில் கடையில் இருக்கிறது. அவர் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கெட்டிலே, நான் எங்கேயும் போகலன்னு சொல்லு. அவசரம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு.”

அவர் சொன்னதில் இரண்டாவது பச்சைப் பொய்.

“இந்த நேரத்துல போதகருக்கு ஜெபம் பண்ணத் தோணலையான்னு கேளு,” என்றாள் அரிஹ்தா.

“பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லு.”

கெட்டிலின் மூடி தடதடவென்று ஆடியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரியின் பழக்கம், கொதித்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பாட்டிலிலிருந்து கையை எடுத்தாள், அடுப்படிக்குப் போனாள், நெருப்பை அணைத்தாள். திரும்பி வரவில்லை. அங்கேயே சுவரைப் பார்த்து நின்று, தோள் குலுங்க அழுதாள்.

தெர்கெலின் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் அழுது ஓயும்வரை பொறுத்திருந்தார். பிறகு மிச்சத்தைச் சொன்னார். இது நன்றிகெட்டதனம் இல்லை, நோய், மருந்து இருக்கிற நோய். தான் இனி இதைப் பார்க்க முடியாது, கபன்ஜாஹே ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார், மேடானிலிருந்து ஒரு அம்மா போனில் பேசுவார். துராங்கு சொன்னது எதையும் தான் வெளியே சொல்லப்போவதில்லை, பாட்டில் விஷயத்தை மட்டும் ஜெந்தாவிடம் மறைக்க முடியாது. ஒவ்வொன்றையும் கெட்டிலிடம் சொன்னார்.

“அவர்கிட்ட சொன்னா அழுவாரு,” என்றாள் அவள்.

“அழட்டும்னு சொல்லு.”

ஜெந்தா அழவில்லை. வாசலில் தெர்கெலின் நீட்டிய பாட்டிலைப் பார்த்ததும் தூக்கிய பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“அவ ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க காரணம் கேப்பீங்கன்னுதான், மச்சான்.”

“வேற என்னத்தைக் கேக்கறது?” என்று கத்தினார். பிறகு குரல் இறங்கிப்போயிற்று. “எனக்குத் தெரியல. இப்ப நான் என்ன பண்ணணும், நீ சொல்லு. நீ சொல்றதைக் கேக்கறேன்.”

பெண் கொடுத்த வீட்டார் வாயிலிருந்து அந்த வார்த்தையைத் தெர்கெலின் அதுவரை கேட்டதில்லை.

“வண்டிய எடுங்க. ரெஹுலினா பக்கத்துல உக்காரட்டும். டாக்டருக்கு நான் போன் பண்றேன்.”

“யாராவது பாத்து...” என்று ஆரம்பித்த ஜெந்தா பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுந்தார். ஏற்றி வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட ஆரம்பித்தார். ஆரஞ்சுகள் வாசலெங்கும் உருண்டன. பெட்டிகள் இருந்தாலும் ஆட்கள் முன்னால் உட்காரலாம், அவற்றை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. தெர்கெலின் அவரைத் தடுக்காமல் டாக்டருக்குப் போன் போட்டார்.

“கிளம்பறதுக்கு முன்னால ஒரு ஜெபம்?” என்றார் ஜெந்தா மூச்சு வாங்க.

“போகும்போது நீங்களே பண்ணுங்க. கண்ணை மட்டும் மூடாதீங்க.”

ரெஹுலினா அரிஹ்தாவுக்குத் தலைவாரி, வேறு துணி உடுத்தி, கைத்தாங்கலாகக் கூட்டி வந்து வண்டியில் ஏற்றினாள். தெர்கெலின் தள்ளி நின்றார். வண்டி கிளம்பும்போது ரெஹுலினா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அண்ணி ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. ஏதோ பிரசங்கமாம், அதைத் திருப்பி எடுத்துக்க முடியுமான்னு. குணமாகி வந்தாலும் அந்த வார்த்தை அந்த பெஞ்சுலதானே உக்காந்திருக்கும், நான் வந்து எங்க உக்கார்றதுங்கறாங்க.”

“எடுத்துக்கறேன்னு சொல்லு. இந்த ஞாயித்துக்கிழமையே.”

சொல்லிவிட்டார். செய்வது அத்தனை லேசாக இல்லை. முதல்நாளே சபை மூப்பரின் காதில் போட்டார். “வேண்டாம் ஐயா,” என்றார் மூப்பர். “பிரசங்கத்தைப் போதகரே திருப்பி எடுத்தா, நாளைக்கு ஜனங்க எதை நம்பறது? பத்து கட்டளையையும் ஒவ்வொண்ணா திருப்பிக் கேப்பாங்க.” யாருக்காக என்று சொல்லியிருந்தால் மூப்பர் ஒருவேளை இளகியிருப்பார். அதைச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் தெர்கெலின் பீடத்தில் ஏறினார். ஆட்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தார்கள். முன் பெஞ்சில் ஜெந்தா தனியாக, குனிந்து, பாட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அறுப்புத் திருநாள்ல இதே இடத்துல நின்னு ஒண்ணு சொன்னேன்,” என்றார் தெர்கெலின். “காரணமில்லாத துக்கம் நன்றி இல்லாத மனசுக்குத்தான் வரும்னு சொன்னேன். அது தப்பு. காய்ச்சல் மாதிரி அது யாருக்கும் வரும், நல்லவங்களுக்கும் வரும், நன்றி உள்ளவங்களுக்கும் வரும். தெரிஞ்சிருந்தும் யோசிக்காம சொன்னேன். அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன். அதால யாராவது நொந்திருந்தா என்னை மன்னிக்கணும்.”

அவ்வளவுதான் தயார் செய்திருந்தார். அதிலும் பின்பாதிக்கு வரும்போது குரல் தொண்டையிலேயே தங்கிவிட்டது. இருமிச் சமாளித்தார். சபையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூப்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கேட்க வேண்டியவள் இங்கே இல்லை, யாருக்காக இந்தப் பாடு என்று தெர்கெலினுக்கே ஒரு நிமிடம் வெறுத்துப் போயிற்று.

ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஜெந்தா படிக்கட்டில் காத்திருந்தார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து நடுவிலிருந்து போனை எடுத்தார்.

“ஆன்லதான் இருந்துச்சு மச்சான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே பூரா கேட்டா.”

“என்ன சொன்னாங்க?” என்றார் தெர்கெலின்.

ஜெந்தா மீசையைத் தடவினார். “கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“எங்களைத் திட்டும்போது மட்டும் ஆலய மணி வரைக்கும் கேக்குது, தன் தப்பைச் சொல்லும்போது போதகர் மைக்கை முழுங்கிட்டாரான்னு கேட்டா. பாதி காதுலயே விழலயாம். அடுத்த ஞாயிறு இன்னொரு தடவ சத்தமா சொல்லச் சொல்லு, டாக்டர் விட்டா நான் நேர்ல வந்து உக்காந்து கேக்கறேங்கறா.” ஜெந்தாவின் கண் நிறைந்து மீசையில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“அடுத்த ஞாயிறுன்னா சொன்னாங்க?”

“அடுத்த ஞாயிறுன்னுதான் சொன்னா.”

“அவங்க வாயாலயா?”

“அவ வாயாலதான்யா.”

தெர்கெலின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல், இன்னொரு தடவை சொல்லும்படி ஜெந்தாவிடம் கேட்டார்.